எவ்வளவு வர வேண்டும், டீச்சர்?

செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மீட்டர் அளவுகோலை நூலில் தொங்கவிட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "எவ்வளவு வர வேண்டும், டீச்சர்?"

திருப்புத்திறன் சோதனை. அளவுகோலின் நடுவில் நூல், ஒரு பக்கம் 50 கிராம் எடைக்கல், மறுபக்கம் எடை தெரியாத ஒரு பொருள். எடைக்கல்லை நகர்த்தி நகர்த்தி அளவுகோலைக் கிடைமட்டமாக நிறுத்தி, இரண்டு தூரங்களையும் அளந்து, தெரியாத எடையைக் கணக்கிட வேண்டும். அவள் இன்னும் எதையும் நகர்த்தவில்லை. விடையை மட்டும் முதலில் வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் நான் பதில் சொல்லியிருக்கிறேன். "நூறுக்குப் பக்கத்தில் வரும், பார்த்து எழுது." அவர்களும் பார்த்துத்தான் எழுதுவார்கள், அளவுகோலைப் பார்த்தல்ல, அக்காவின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து. எங்கள் ஊரில் ரெக்கார்ட் நோட்டு ஒரு குடும்பச் சொத்து. அக்காவிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து சித்தி மகனுக்கு என்று கை மாறும். அதில் எழுதியிருக்கும் குவிலென்சின் குவியத்தொலைவு பல வருடங்களாக மாறவேயில்லை. லென்சுதான் இரண்டு முறை கீழே விழுந்து உடைந்து மாறிவிட்டது.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். இது பதினெட்டாவது ஆண்டு. இந்தப் பதினெட்டில் முதல் ஒன்பதை நான் எப்படிக் கழித்தேன் என்பதை ஒரு மெழுகுவத்தியை வைத்துச் சொல்லிவிடலாம்.

எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, அதன் மேல் கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். "பார்த்தீர்களா? காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது." எனக்கு இப்படித்தான் சொல்லித் தந்தார்கள். பி.எட். பயிற்சியில் இதையே செய்து காட்டிப் பாராட்டும் வாங்கினேன். பிறகு வருடா வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் குங்குமம் கரைத்த தண்ணீரையும் வைத்துக்கொண்டு அதே வசனம். பிள்ளைகள் கை தட்டுவார்கள். மேஜிக் பார்த்த கைதட்டல் அது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒன்பதாவது வருடம் செங்கல் சூளையில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி, அதிகம் பேசாதவள், கேட்டாள்: "இரண்டு மெழுகுவத்தி வைத்தால் இன்னும் மேலே ஏறுமா, டீச்சர்?"

"ஏறாது. பாட்டில் அதே பாட்டில்தானே? உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவுதான். சீக்கிரம் அணையும், அவ்வளவுதான்" என்றேன். தர்க்கம் சுத்தமாக இருந்தது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது மெழுகுவத்தியை ஏற்றினேன்.

தண்ணீர் நன்றாகவே மேலே ஏறியது. பின் வரிசையிலிருந்து யாரோ "மூன்று, மூன்று" என்றார்கள். மூன்று வைத்தேன். அதைவிட மேலே. வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. "பாட்டில் வாயில் கசிவு இருக்கும்" என்று எதையோ சொன்னேன். நல்லவேளை மணி அடித்தது.

அன்று இரவு அடுக்களையில் தட்டையும் மெழுகுவத்தியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மின்சாரம் இருக்கும்போது எதற்கு மெழுகுவத்தி என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்பது வருடமாகச் செய்த சோதனையை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சுடரின் மேல் பாட்டிலைக் கவிழ்த்தவுடன் விளிம்பில் குமிழ்கள் வெளியேறுகின்றன. சுடர் எரிந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் பெரிதாக ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் சட்டென்று மேலே பாய்கிறது. ஆக்சிஜன் தீரத் தீர நீர் ஏறுகிறது என்பது உண்மையானால், எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏறியிருக்க வேண்டும்?

நடப்பது வேறு. சுடரின் சூட்டில் காற்று விரிந்து, ஒரு பகுதி குமிழாக வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, எரிந்ததில் உண்டான நீராவியும் குளிர்ந்து நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே இருக்கும் வளிமண்டலம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மெழுகுவத்தி கூடினால் சூடு கூடும், வெளியேறும் காற்றும் கூடும், நீரும் அதிகம் ஏறும். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதுமில்லை. 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த ஆக்சிஜனின் இடத்தில் பெருமளவு கார்பன் டைஆக்சைடு வந்து உட்கார்ந்துவிடுகிறது, அது அவ்வளவு வேகமாக நீரில் கரைவதுமில்லை. ஒற்றை மெழுகுவத்தியில் நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறியது தற்செயல். அந்தத் தற்செயலை நம்பி எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு. நேற்று மட்டுமல்ல, உங்கள் அண்ணன் அக்காக்களுக்குச் சொன்னதும் தவறு" என்றேன். என் மரியாதை போய்விடும் என்ற பயம் இருந்தது. அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒரு பையன் மட்டும், "அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு என்பது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எங்களை இரண்டு வாரம் அலைக்கழித்தது.

இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், சூடு பெரிதாக இருக்காது, குமிழ் போகாது. ஆகவே ஈரமான இரும்பைப் பாட்டிலுக்குள் வைத்துக் கவிழ்த்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வைத்தேன். நான்கு நாள் கழித்தும் அது பளபளவென்று இருந்தது. துருப்பிடிக்காத எஃகு! பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, டீச்சருக்குத்தான் தோன்றவில்லை. பிறகு ஒரு மாணவனின் மாமா வேலை செய்யும் லேத் பட்டறையிலிருந்து இரும்புச் சீவல் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய துணியில் முடிந்து, ஈரத்தோடு பாட்டிலுக்குள் குச்சியால் முட்டுக்கொடுத்து வைத்தோம். நீர்மட்டம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பிறகு நின்றது. பாட்டிலின் உயரம் 15 சென்டிமீட்டர், நீர் ஏறியது 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேலும் இரண்டு நாள் காத்திருந்தோம், அசையவில்லை. இந்த முறை யாரும் கை தட்டவில்லை. அளவுகோலைப் பிடுங்கிப் பிடுங்கி அளந்துகொண்டிருந்தார்கள்.

இதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒரே ஒரு விஷயம். எந்தச் சோதனையும் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் என்ன நடக்கும், ஏன் என்று எழுதித் தர வேண்டும். தவறாக இருந்தால் மதிப்பெண் குறையாது. எழுதாமல் இருக்க மட்டும் கூடாது. "எவ்வளவு வர வேண்டும்" என்ற கேள்வியிலிருந்து ஒரு சொல்லைக் கழித்துவிட்டேன். எவ்வளவு வரும்? நீ சொல்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக ஓர் ஆறு மாதம் பெருமையாகத் திரிந்தேன். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் என்ற இருவர் இதை முறையாக வகுத்து 1992-லேயே எழுதிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது: முதலில் ஊகி, பிறகு உற்றுநோக்கு, பிறகு விளக்கு. ஏமாற்றமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

எழுத வைப்பதில் என்ன இருக்கிறது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். எழுதாதவரை எல்லாப் பிள்ளைக்கும் விடை முன்பே தெரியும். சோதனை முடிந்ததும் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்பார்கள், பொய் சொல்வதாக அவர்களுக்கே தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பிக்க முடியாது. தான் எழுதியதும் கண்ணெதிரே நடப்பதும் ஒட்டவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு ஓர் எரிச்சல் வரும். எனக்கு வேண்டியது அந்த எரிச்சல்தான்.

நிழலில்லா நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழலே விழாத நாள் அது. எங்கள் பகுதிக்கு ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் வரும். ஏப்ரல் தேர்வு நெருக்கடியில் போய்விடும், ஆகஸ்ட்தான் எங்களுக்கு. முதல்முறை செய்தபோது, "மற்ற நாட்களில் நண்பகலில் நிழல் எப்படி இருக்கும்?" என்று எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதில்: தினமும் உச்சி வேளையில் நிழல் காலடியில் மறைந்துவிடும். ஆசிரியர் அறையில் கேட்டேன். அங்கும் இரண்டு பேர் அதையேதான் சொன்னார்கள், பெயர் எழுதமாட்டேன்.

எனவே அந்த ஒரு நாளோடு விடவில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள பிவிசி குழாயைச் சிமென்ட் தரையில் தூக்குநூல் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, வருடம் முழுக்க மாதம் ஒருமுறை நண்பகல் நிழலைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம். நண்பகல் என்றால் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல என்பதே அவர்களுக்குப் புதிது. இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது, நாங்கள் அதற்கு மேற்கே மூன்று பாகை தள்ளி இருக்கிறோம். ஆகஸ்டில் சூரியன் எங்களுக்கு உச்சிக்கு வருவது 12.15 வாக்கில். ஜூன் 21-இல் நிழல் சுமார் 20 சென்டிமீட்டர், அதுவும் தெற்குப் பக்கம் விழுந்தது. "சூரியன் வடக்கே போய்விட்டதா?" என்று ஒரு பையன் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தான். டிசம்பர் 22-இல் வடக்கே 70 சென்டிமீட்டரைத் தாண்டியது. உத்தராயணம், தட்சிணாயணம் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று ஒருத்தி கேட்டாள். இதைத்தான்.

ஆகஸ்ட் நாளன்று மேகம். பதினொன்றரை மணியிலிருந்து மூன்று வகுப்புகள் வெளியே நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தன. 12.10-க்கு வெயில் எட்டிப் பார்த்தது, ஐந்தே நிமிடம். குழாயின் நிழல் குழாய்க்குள்ளேயே போய்விட்டது. டெல்லிக்கு இந்த நாள் வருவதே இல்லை, அது கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது என்றேன். டெல்லிக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது என்பதில் பிள்ளைகளுக்கு இருந்த சந்தோஷத்தை அறிவியல் மனப்பான்மையில் சேர்க்க முடியுமா என்று தெரியவில்லை. நான் தடுக்கவில்லை.

எல்லாப் பாடத்துக்கும் சோதனை கிடையாது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நான் கல்யாணப் பத்திரிகையைப் பயன்படுத்துகிறேன். பழைய பத்திரிகைகளை வெட்டி அ, ஆ, இ, ஈ என்று நான்கு அட்டைகள், ஆளுக்கு ஒரு செட். மணல் லாரியும் டிவிஎஸ் எக்ஸெல்லும் நேருக்கு நேர் மோதுகின்றன, எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்? அட்டையைத் தூக்கு. லாரி என்று ஒரு காடே எழும் (உண்மையில் இரண்டும் சமம்). விடையைச் சொல்லாமல், பக்கத்தில் உன்னோடு ஒத்துப்போகாதவரைத் தேடிப் பேசு என்று விடுவேன். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இது. கடினமான கணக்குகளை அநாயாசமாகப் போடும் தன் மாணவர்கள், இதே லாரிக் கேள்வி போன்ற எளிய கேள்விகளில் தடுக்கி விழுவதைப் பார்த்துத்தான் அவர் விரிவுரையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார். அங்கே அதற்கு மின்னணுக் கருவி. எங்களுக்கு "நிகழும் மங்களகரமான" என்று பின்பக்கம் அச்சடித்த அட்டை.

இது எப்போதும் பலிக்கும் என்று நினைக்க வேண்டாம். குரல் பெரிதாக உள்ள ஒரு பையன் மொத்த பெஞ்சையும் தவறான விடைக்கு இழுத்துக்கொண்டு போனதுண்டு. பேச்சில் பெண் பிள்ளைகள் அடங்கிப்போவதும் உண்டு. அதனால் இப்போது பேசுவதற்கு முன்பே அட்டையைத் தூக்கச் சொல்கிறேன். பிறகு விடையை மாற்றிக்கொள்பவர் யாருடைய எந்த வாதத்தால் மாறினார் என்று எழுந்து சொல்ல வேண்டும். சத்தம் அதிகம்தான். பக்கத்து வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியர் என்னிடம் ஒரு பருவம் முழுக்கச் சரியாகப் பேசவில்லை.

ஒருமுறை செயல்வழிக் கற்றல் பற்றிய பயிற்சி முகாமில் இரண்டு நாள் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். எந்த முகாம் என்பது வேண்டாம். புதுமை என்றாலே திரை என்று ஆகிவிட்டது. திரைமேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற கணினிப் பாவனைச் சோதனைகள் இலவசம், பல தமிழிலும் கிடைக்கின்றன. மின்சுற்றில் எலக்ட்ரான் நகர்வதைக் கண்ணால் காட்ட வேறு வழி எனக்கில்லை. ஆனால் நிழலைத் திரையில் காட்டுவது வெயிலுள்ள ஊரில் செய்கிற காரியமா? 2022 முதல் அரசின் வானவில் மன்றத் திட்டத்திலிருந்து கருத்தாளர்கள் கருவிகளோடு எங்கள் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு வருகிறார்கள், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். வருபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள், தாள் கொடுத்துவிடுகிறேன்.

இனி கசப்பான பகுதி. எட்டாம் வகுப்புக் காற்றுப் பாடத்துக்கு நான்கு பாடவேளை போதும் என்ற இடத்தில் எனக்கு ஒன்பது பிடித்தது. பத்தாம் வகுப்பில், டிசம்பர் வந்துவிட்டால் நானும் துண்டுத் தாளை எடுத்து வைத்துவிட்டு ஏழு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுத வைக்கிறேன். இதை மறைத்துவிட்டுப் புதுமை பேசினால் பொய்யாகிவிடும். தேர்வு கேட்பதுதான் கடைசியில் வகுப்பில் நிலைக்கும்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் அது. பின்னர் ஏகலவ்யா அமைப்பு எடுத்து நடத்தியது. எளிய பொம்மைகளால் அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சியையும் கோத்து முக்கோணமும் கனசதுரமும் செய்யத் தொடங்கியது அங்கேதான், என் மேஜையில் இன்றும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது தீக்குச்சியைவிடத் தேர்வு. பிள்ளைகள் புத்தகத்தையும் தாங்களே எழுதிய குறிப்பேட்டையும் தேர்வறைக்குள் கொண்டு போகலாம், செய்முறைக்கும் தேர்வு உண்டு. பார்த்து எழுதும்படி எந்தக் கேள்வியும் இருக்காது. முப்பது ஆண்டு நடந்து, நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை துண்டுத் தாள் கொடுப்பதை நிறுத்த அரசு தேவையில்லை, ஒரு அரையாண்டுத் தேர்வு போதும். என்றாலும் ஜூன் முதல் நவம்பர்வரை என்னுடையது.

அளவுகோலைத் தொங்கவிட்ட பெண்ணை அப்படியே நிற்க வைத்துவிட்டேன். "எவ்வளவு வரும் என்று நினைக்கிறாய்?" என்று அவளிடம் திருப்பிக் கேட்டேன். ஆய்வகத்தில் இருந்த எடையை வாங்கி வைத்துவிட்டு, வாசலில் கொட்டிக் கிடந்த ஜல்லியிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தேன். எந்த ரெக்கார்ட் நோட்டிலும் இல்லாத கல். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து "எண்பது" என்று எழுதினாள். அளந்து கணக்குப் போட்டால் 63 கிராம். மற்ற இரண்டு குழுக்களுக்கும் 62, 64 என்று வந்தது. மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

பள்ளிக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில் எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. இடைவேளையில் கல்லோடு போனார்கள். தராசு 66 காட்டியது. மூன்று கிராம் எங்கே போனது என்று மாலைவரை சண்டை. நூலின் எடை என்றான் ஒருவன். அளவுகோலே 50-ஆம் குறியில் சமமாகத் தொங்கவில்லை, 50.4-இல் தொங்குகிறது என்று ஒருத்தி எடைக்கற்களைக் கழற்றிவிட்டுக் காட்டினாள். அதைச் சரிசெய்தபிறகு 65 வந்தது. கடைசி ஒரு கிராமுக்கு ஒரு பையன் வேறு காரணம் சொன்னான்: கடைத் தராசு தவறு.

இதை அவன் கடை வாசலில் நின்று சொல்லியிருக்கிறான். மறுநாள் கடைக்காரர் எங்கள் 50 கிராம் எடைக்கல்லைக் கேட்டு ஆள் அனுப்பினார். கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கல் திரும்பி வந்தது, தராசு சரியாக 50 காட்டியது என்ற செய்தியோடு. வகுப்பில் சொன்னேன்.

"நாம் பார்க்கவில்லையே, டீச்சர்" என்றான்.